அகஸ்டா வெற்றியும் அதன் முன்னோடிகளும்

விளையாட்டுப் போட்டியொன்றின் முடிவைச் சரித்திரப் பேச்சுக்குப் பொருளாகக் கொள்வது நேயர்களிற் சிலருக்கு வியப்பாயிருத்தல் கூடும். போர்களும் உடன்படிக்கைகளும் அரசர் முடிசூடிய நாட்களுமே சரித்திரம் என்று பள்ளிக்கூடத்திற் கற்றுப் பழகியவர்கள் நாம். ஆயினும், ஒரு சமுதாயம் யாரைத் தன் வாயிலுக்குள் அனுமதித்தது, யாரை வெளியே நிறுத்திவைத்தது என்பதை அறிய விரும்புவோர்க்குச் சட்டப் புத்தகம் மாத்திரம் போதாது. விளையாட்டு மைதானத்தையும் பார்த்தல் வேண்டும். அத்தகைய மைதானம் ஒன்றிலே 1997 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நிகழ்ந்த வெற்றியொன்றை இன்று ஆராய்வோம்.

கோல்ப் ஆட்டம் நம்மிற் பலருக்கு நெருங்கிய பழக்கமில்லாதது. அதன் அடிப்படை எளிது. பரந்த புல்வெளியிலே ஒன்றன்பின் ஒன்றாகப் பதினெட்டுக் குழிகள் அமைந்திருக்கும். சிறிய பந்தை மட்டையால் அடித்து ஒவ்வொரு குழியிலும் விழுத்த வேண்டும். எல்லாக் குழிகளையும் மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வென்றவர். கிரிக்கெட்டிலே எண்ணிக்கை கூடுவது பெருமை. இங்கே குறைவதே பெருமை. பெரும் போட்டிகளில் நான்கு நாட்கள், நாளொன்றுக்குப் பதினெட்டுக் குழிகளாக ஆடுவர். நான்கு நாள் முடிவில் முதல்வருக்கும் இரண்டாமவருக்கும் இடையே ஓரிரு அடி வித்தியாசம் இருப்பதே வழமை.

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜோர்ஜியா மாநிலத்திலே அகஸ்டா என்ற நகரம் உண்டு. அங்கே நாற்றுப்பண்ணையாக இருந்த நிலமொன்றில், புகழ்பெற்ற ஆட்டக்காரரான பொபி ஜோன்ஸும் கிளிபர்ட் ரொபர்ட்ஸ் என்ற நியூயோர்க் முதலீட்டாளரும் சேர்ந்து ஒரு கழகத்தை நிறுவினர். பழைய பண்ணையின் நினைவாக இன்றும் ஒவ்வொரு குழியும் ஒரு மரத்தின் அல்லது செடியின் பெயரையே தாங்கி நிற்கிறது. 1934 ஆம் ஆண்டில் அங்கு தொடங்கிய ஆண்டுப் போட்டியே 'மாஸ்டர்ஸ்' எனப் பெயர் பெற்றது. தொழில்முறைக் கோல்பின் நான்கு தலையாய போட்டிகளுள் அது ஒன்று. வென்றவருக்குப் பச்சை நிற மேலங்கி அணிவிப்பது அதன் மரபு.

1997 ஆம் ஆண்டுப் போட்டியில் இறங்கியவர்களுள் ஒருவர் டைகர் வூட்ஸ். வயது இருபத்தொன்று. தந்தை வியட்நாம் போரிலே சேவையாற்றிய கறுப்பின அமெரிக்கர். தாய் தாய்லாந்து நாட்டவர். அமெரிக்கத் தொழில்சாராதோர் போட்டியை 1994 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்று, 1996 ஓகஸ்டிலே தொழில்முறை ஆட்டக்காரரானவர் அவர். தொழில்முறையாளராக அவர் ஆடிய முதலாவது தலையாய போட்டி இதுவே.

தொடக்கம் நன்றாக அமையவில்லை. முதல் நாளின் முதல் ஒன்பது குழிகளுக்கு அவர் நாற்பது அடிகளை எடுத்தார். அது நியம எண்ணிக்கையிலும் நான்கு அதிகம். ஆனால் அடுத்த ஒன்பது குழிகளை முப்பதே அடிகளில் முடித்து, அன்றைய கணக்கை எழுபதாக்கினார். முன்னணியில் நின்றவருக்கு மூன்று அடிகளே பின்னால் நின்றார். இரண்டாம் நாள் 66. முன்னணி அவர் கைக்கு வந்தது. மூன்றாம் நாள் 65. ஒன்பது அடிகள் முன்னே நின்றார். நான்காம் நாள் 69. மொத்தம் 270 அடிகள். இரண்டாவதாக வந்த டொம் கைற்றின் கணக்கு 282. பன்னிரண்டு அடி வித்தியாசம்! அதுவரை அப்போட்டியின் மிகக் குறைந்த கணக்காக இருந்தது 271. மிகப் பெரிய வித்தியாசமாக இருந்தது, 1965 ஆம் ஆண்டில் ஜக் நிக்கிளஸ் பெற்ற ஒன்பது. இரண்டும் ஒரே நாளில் வீழ்ந்தன. அப்போட்டியை வென்றவர்களுள் வயதில் மிக இளையவர் என்ற பெயரும் அவருக்கே கிடைத்தது.

இதுவரை கூறியது வெற்றியின் கணக்கு. இனி அந்த வெற்றிக்கு முன்னிருந்த ஆண்டுகளின் கணக்கைப் பார்ப்போம்.

அமெரிக்கத் தொழில்முறைக் கோல்ப் சங்கத்தின் யாப்பிலே, வெள்ளை இனத்தவருக்கே அங்கத்துவம் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. சார்லி சிபர்ட் என்ற கறுப்பின ஆட்டக்காரர் அவ்விதியை எதிர்த்து நின்றார். கலிபோர்னியா மாநிலச் சட்டமா அதிபராயிருந்த ஸ்ரான்லி மொஸ்க் அவர் சார்பில் சங்கத்தை நெருக்கினார். 1961 நவம்பரில் அவ்விதி நீக்கப்பட்டது. அப்போது சிபர்ட் நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டக்காரனின் சிறந்த ஆண்டுகள் கழிந்துவிட்டன. அப்படியிருந்தும் 1967 இலும் 1969 இலும் தொழில்முறைப் போட்டிகளில் வெற்றி பெற்றார். அகஸ்டாவிலிருந்து அழைப்பு மாத்திரம் அவருக்கு ஒருபோதும் வரவில்லை.

தொழில்முறைப் போட்டியொன்றை வென்றவருக்கு அழைப்பு உறுதி என்ற விதி 1970களின் தொடக்கத்திலேதான் ஏற்பட்டது. 1974 ஆம் ஆண்டில் லீ எல்டர் என்ற கறுப்பினத்தவர் புளோரிடாவில் ஒரு போட்டியை வென்றார். விதிப்படி அழைப்பு வந்தது. 1975 ஏப்ரலில் அவர் அகஸ்டாவில் ஆடினார். போட்டி தொடங்கி நாற்பத்தோராவது ஆண்டில், அங்கு ஆடிய முதலாவது கறுப்பின ஆட்டக்காரர் அவரே. போட்டிக்கு முன் அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. பாதுகாப்பின் பொருட்டு அவர் இரண்டு வீடுகளை வாடகைக்கு எடுத்திருந்தார். இரண்டு நாட்களின் முடிவில் 74, 78 என்ற கணக்குகளோடு, மேலும் ஆடும் தகுதியின்றி வெளியேறினார். கணக்கை மாத்திரம் பார்ப்பவருக்கு அது ஒரு தோல்வி.

இக்காலமெல்லாம் அதே மைதானத்திலே கறுப்பினத்தவர் நடமாடாமலிருக்கவில்லை. ஆட்டக்காரரின் மட்டைப் பைகளைச் சுமந்தவர்கள் அவர்களே. மைதானத்தின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அவர்களுக்குத் தெரியும். பந்து எப்பக்கம் உருளும் என்று சொல்லிக் கொடுத்தவர்களும் அவர்களே. கழகத்தின் முதலாவது கறுப்பின அங்கத்தவர் சேர்க்கப்பட்டது 1990 ஆம் ஆண்டில். அதுவும் தானாக நிகழ்ந்ததன்று. அவ்வாண்டு அலபாமா மாநிலத்துக் கழகமொன்றின் இனப்பாகுபாடு பெரும் கண்டனத்துக்குள்ளாகி, விளம்பரதாரர்கள் விலகத் தொடங்கிய பின்னரே பல கழகங்கள் தங்கள் கதவுகளைத் திறந்தன.

இவற்றை மனத்திற் கொண்டு 1997 ஏப்ரல் 13 ஆம் நாளைப் பார்த்தல் வேண்டும். இறுதி நாள் ஆட்டத்தைக் காண லீ எல்டர் அகஸ்டாவுக்கு விரைந்து வந்தார். ஆட்டம் தொடங்குமுன் அவரும் வூட்ஸும் சந்தித்தனர். வெற்றிக்குப் பின் பேசிய வூட்ஸ், சிபர்ட்டையும் எல்டரையும், காலமாகிவிட்ட ரெட் றோட்ஸ் என்ற மற்றொரு முன்னோடியையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். தம்மைக் கறுப்பினத்தவர் என்ற ஒரு சொல்லுக்குள் அடக்குவதை அவர் விரும்பியவரல்லர். தாயின் மரபும் தமக்குரியதே என்று அதே மாதத்தில் வெளிப்படையாகக் கூறியவர். எனினும் யார் திறந்த வழியால் தாம் உள்ளே வந்தார் என்பதை அவர் மறக்கவில்லை.

அன்றோடு தடைச்சுவர் இடிந்தது என்று பலர் எழுதினர். சரித்திர மாணவன் அக்கூற்றை அப்படியே ஏற்றல் இயலாது. சுவர் அதற்கு முன்பே பல கைகளால் இடிக்கப்பட்டிருந்தது. எஞ்சிய பகுதி அதற்குப் பின்னும் நின்றது. அக்கழகம் பெண்களை அங்கத்தவராக ஏற்றது 2012 ஆம் ஆண்டிலேதான். வூட்ஸ் மேலும் நான்கு முறை அங்கே வென்றார். ஆனால் 2025 ஆம் ஆண்டு வரை வேறெந்தக் கறுப்பினத்தவரும் அப்பச்சை மேலங்கியை அணியவில்லை. ஒருவனின் அசாதாரண ஆற்றல் ஒரு கூட்டத்தின் வறுமையையும் வாய்ப்பின்மையையும் போக்கிவிடாது. கோல்ப் ஆடுவதற்கு நிலம் வேண்டும், பணம் வேண்டும், கற்பிப்போர் வேண்டும். இவையின்றித் திறமை மாத்திரம் பிறந்து பயனில்லை.

பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாக்களிலே முதற் பரிசு பெறும் மாணவனின் புள்ளிகளை மேடையில் நின்று வாசித்திருக்கிறேன். அந்தப் புள்ளிகளுள் எத்தனை அவனுடையவை, எத்தனை அவனுக்கு முன் படிக்க முடியாமற் போன தந்தையினுடையவை என்று அப்போது யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அகஸ்டாவின் பன்னிரண்டு அடிகளும் அத்தகையனவே. அவற்றை அடித்த கை வூட்ஸினுடையது. அவர் நின்று அடிப்பதற்கு இடம் பிடித்துக் கொடுத்தவர்கள் வேறு பலர்.

270 என்ற எண்ணிக்கை 2020 ஆம் ஆண்டில் 268 ஆகக் குறைக்கப்பட்டது. எண்கள் என்றும் இப்படித்தான். பின்வருவோர் அவற்றை வெல்வர். ஆனால் அதற்கடுத்த ஆண்டு ஏப்ரலில் அகஸ்டா செய்த செயலொன்று உண்டு. போட்டியைச் சம்பிரதாயமாகத் தொடக்கிவைக்கும் கௌரவத்தை, நிக்கிளஸுடனும் கெரி பிளேயருடனும் லீ எல்டருக்கும் அளித்தது. எண்பத்தாறு வயது, உடல் தளர்ந்திருந்தது. பந்தை அடிக்க அவரால் இயலவில்லை. நாற்காலியில் அமர்ந்திருந்தவர் எழுந்து நின்றார், கூடியிருந்தோர் கைதட்டினர். அவ்வாண்டு நவம்பரில் அவர் காலமானார்.

74, 78 என்று ஆடித் தோற்றவருக்கு அந்தக் கைதட்டல் நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. அது தாமதமான நீதி. ஆயினும் அவர் கண்ணால் கண்ட நீதி. சார்லி சிபர்ட்டுக்கு அகஸ்டாவிலே அதுவும் கிடைக்கவில்லை. 1997 ஆம் ஆண்டு வெற்றியைப் பேசும்போதெல்லாம் இவ்விருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நாம் செய்யக்கூடிய கடன்.