உறையிட்ட முழு எண் பொருள்களின் ஒப்பீடு (ஜாவா)

உறையிட்ட முழு எண் பொருள்களின் ஒப்பீடு என்பது, ஜாவா நிரலாக்க மொழியில் இன்டிஜர் வகுப்பைச் சேர்ந்த இரண்டு பொருள்கள் ஒரே எண்ணைத் தாங்கியுள்ளனவா எனச் சோதிப்பதாகும். இதற்கு == குறியைப் பயன்படுத்துவது தவறு; ஈக்குவல்ஸ் என்னும் செயற்கூற்றையே பயன்படுத்த வேண்டும். தவறான முறையும் சிறிய எண்களுக்குப் பெரும்பாலும் சரியான விடையே தருவதால், இப்பிழை சோதனையில் எளிதில் தப்பிவிடுகிறது.

பின்னணி

ஜாவாவில் இன்ட் என்பது வெறும் மதிப்பு; இன்டிஜர் என்பது அம்மதிப்பை உள்ளே கொண்ட பொருள். பட்டியல் போன்ற தொகுப்புகளில் பொருள்களை மட்டுமே இட முடியும் என்பதால் இவ்வுறை தேவைப்படுகிறது. 2004 இல் வெளியான ஜாவா 5 முதல் கம்பைலரே எண்ணைத் தானாக உறையிடுகிறது. இது வசதியே எனினும், எது எண், எது பொருள் என்பது நிரலைப் படிப்பவர் கண்ணுக்குப் புலப்படாமற் போயிற்று.

எடுத்துக்காட்டு

கடலூர் மாவட்ட முகவரிகளைக் கையாளும் நிரல் ஒன்றைக் கருதுக. கடலூரின் வாகனப் பதிவுக் குறியீடு டிஎன் 31 ஆகும். 31 என்னும் எண்ணை இரண்டு இன்டிஜர் மாறிகளில் தனித்தனியே இட்டு == கொண்டு ஒப்பிட்டால், இரண்டும் சமம் என்று விடை வரும். சிதம்பரத்தின் அஞ்சல் குறியீட்டு எண்ணான 608001 ஐ அவ்வாறே ஒப்பிட்டால், இயல்பான அமைப்பில் சமமன்று என்று வரும். கடலூரின் 607001 க்கும் இதே கதிதான். சிதம்பரத்து முகவரிகளைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, பிழைச்செய்தியும் தோன்றாது.

காரணம்

இருபுறமும் பொருள்கள் இருக்கும்போது == மதிப்பைப் பார்ப்பதில்லை; இரண்டும் நினைவகத்தில் உள்ள ஒரே பொருள்தானா என்றே பார்க்கிறது. தானாக உறையிடும்போது, −128 முதல் 127 வரையிலான எண்களுக்கு முன்பே உருவாக்கி வைத்த பொருள்களை ஜாவா மீண்டும் மீண்டும் வழங்குகிறது. ஆகவே இரண்டு 31 களும் ஒரே பொருள். 608001 இவ்வெல்லைக்கு வெளியே இருப்பதால் ஒவ்வொரு முறையும் புதிய பொருள் உருவாகிறது. நியூ என்னும் சொல்லால் உருவாக்கினால் 31 கூட இரு வேறு பொருள்களாகிவிடும். இம்முறை 2017 இல் வெளியான ஜாவா 9 முதல் பரிந்துரைக்கப்படுவதில்லை.

ஒருபுறம் இன்ட் இருந்தால், உறை பிரிக்கப்பட்டு மதிப்புகளே ஒப்பிடப்படும். ஆனால் மறுபுறம் உள்ள இன்டிஜர் மாறி வெறுமையாக (நல்) இருந்தால் நிரல் இயக்கத்தின்போது பிழை எழும்.

ஈக்குவல்ஸ் முறையிலும் ஒரு கண்ணி உண்டு. 608001 ஐக் கொண்ட இன்டிஜர் பொருளும் அதே எண்ணைக் கொண்ட லாங் பொருளும் அதன்படி சமமல்ல. வகுப்பு வேறு என்பதே காரணம்.

பிற மொழிகளில்

பைத்தானில் == மதிப்பையே ஒப்பிடும். எனினும் அங்குள்ள இஸ் என்னும் குறி பொருளை ஒப்பிடுவதால் இதே குழப்பம் நேரலாம். பரவலாகப் பயன்படும் சிபைத்தானில் −5 முதல் 256 வரையிலான எண்கள் முன்பே உருவாக்கி வைக்கப்பட்டுள்ளன.