களையா, கீரையா? – டான்டெலியனின் இரட்டை வரலாறு

தமிழில் 'களை' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. பயிரின் நடுவே முளைத்து அதன் நீரையும் உரத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும் வேண்டாத செடி ஒன்று. முகத்தில் தோன்றும் பொலிவு மற்றொன்று. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் செடியைத் தேடினால் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இளவேனில் தோறும் புல்தரையெங்கும் மஞ்சளாகப் பூக்கும் டான்டெலியனையே முதலில் சொல்லத் தோன்றுகிறது. அங்குள்ள தோட்டக்காரர்களில் ஒருவர் அதை வேரோடு தோண்டி எறிவதற்கென்றே நீண்ட முனைகொண்ட கருவி வைத்திருப்பார். அடுத்த வீட்டுக்காரர் அதன் இளந்தளிரைப் பறித்துச் சாலட் செய்வார். ஒரே ஆள் காலையில் பிடுங்கி எறிந்து மாலையில் அதன் பூவில் ஒயின் ஊற்றி வைப்பதும் உண்டு. இந்த இருமனம் செடியின் இயல்பால் வந்ததா, மனிதரின் வரலாற்றால் வந்ததா என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெயர்கள் சொல்லும் கதை

டான்டெலியன் என்பது பிரெஞ்சு மொழியின் 'சிங்கப்பல்' என்னும் தொடரிலிருந்து வந்த பெயர். இலையின் ஓரங்கள் கூரிய பற்களைப் போல வெட்டுப்பட்டிருப்பதால் இப்பெயர் அமைந்தது. ஜெர்மானியரும் அதே பொருளில் 'லோவென்ட்சான்' என்கின்றனர். வேடிக்கை என்னவென்றால், பெயரைத் தந்த பிரெஞ்சுக்காரர்களே அன்றாடப் பேச்சில் அதைப் 'பிசான்லி' என்று அழைக்கின்றனர். படுக்கையில் சிறுநீர் கழிப்பது என்பது அதன் பொருள். சிறுநீரைப் பெருக்கும் தன்மை இச்செடிக்கு உண்டு என்பதை மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பழைய ஆங்கிலப் பேச்சுவழக்கிலும் இதே பொருள் தரும் பெயர் வழங்கியது.

அறிவியற்பெயராகிய 'டாரக்சாகம் அஃபிசினாலே' வேறொரு செய்தியைச் சொல்கிறது. முதற்சொல் அரபு, பாரசீக மருத்துவ மரபின் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. இரண்டாம் சொல், மருந்துச் சரக்கறையில் வைக்கத்தக்கது என்பதைக் குறிக்கும் இலத்தீன் அடைமொழி. ஆக, இச்செடிக்குப் பெயர் வைத்தவர்கள் அதைக் களையாகக் கருதவில்லை, மருந்தாகவே கருதினர்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மூலிகை மருத்துவர் நிக்கோலஸ் கல்பெப்பர் இதன் குணங்களை வியந்து எழுதினார். ஜான் ஈவ்லின் 1699இல் வெளியிட்ட 'அசெட்டாரியா' என்னும் சாலட் நூலில், பலமுறை நீர்மாற்றி ஊறவைத்து இதன் கசப்பைப் போக்கும் முறையைச் சொல்கிறார். பிரெஞ்சு நாட்டுப்புற மக்கள் வேரையும் உண்பர் என்கிறார். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டினர் ஒருபடி மேலே சென்று, அகன்ற இலைகள் கொண்ட வகைகளைத் தெரிந்தெடுத்துத் தோட்டப்பயிராகவே வளர்த்தனர். வெயில் படாமல் மூடிவைத்து இலைகளை வெளுக்கச் செய்தால் கசப்புக் குறையும் என்பது அவர்கள் கைக்கொண்ட நுட்பம்.

கடல் கடந்த கீரை

வட அமெரிக்காவில் இன்று காணும் டான்டெலியன்களில் பெரும்பாலானவை ஐரோப்பியக் குடியேறிகளோடு வந்தவற்றின் வழித்தோன்றல்களே. ஜான் ஜோஸலின் 1672இல் எழுதிய நூலில், ஆங்கிலேயர் வந்து பயிரிட்டுக் கால்நடை வளர்க்கத் தொடங்கிய பின் நியூ இங்கிலாந்தில் முளைத்த செடிகளின் பட்டியலில் இதையும் சேர்த்துள்ளார். குளிர்காலம் முழுதும் உப்பிட்ட இறைச்சியும் உலர்ந்த தானியமுமாகக் கழித்த மக்களுக்கு, பனி உருகியவுடன் தலைகாட்டும் முதற்பச்சை எத்தனை அரிய பொருளாக இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானிய வழியினர், ஈஸ்டருக்கு முந்திய வியாழனன்று டான்டெலியன் கீரை உண்பதை ஒரு மரபாகவே கொண்டனர். பன்றிக்கொழுப்பில் தாளித்த சூடான புளிப்புச் சாறு அதன்மீது ஊற்றப்படும். நியூ ஜெர்சியின் வைன்லேண்டில் குடியேறிய இத்தாலிய உழவர்கள் இதை வயலில் பயிரிட்டுச் சந்தைக்கு அனுப்பினர். அவ்வூர் தன்னை உலகின் டான்டெலியன் தலைநகர் என்றே அழைத்துக்கொள்கிறது.

கனடாவின் காடுகளில் குடியேறிய எழுத்தாளர் சுசன்னா மூடி, 1852இல் வெளிவந்த தம் 'ரஃபிங் இட் இன் தி புஷ்' நூலில் டான்டெலியன் காபியைப் பற்றி எழுதியுள்ளார். உருளைக்கிழங்கு தோண்டும்போது கூடவே கிடைத்த வேர்களைக் கழுவி, சிறு துண்டுகளாக நறுக்கி, அடுப்பில் வறுத்து, அரைத்துக் காய்ச்சினார். கடையில் கிடைத்த காபியைவிட அது நன்றாக இருந்தது என்பது அவர் முடிவு. வறுமை அவரைக் களையின் பக்கம் திருப்பியது என்று சொல்வதைவிட, களை என்ற எண்ணமே அன்று உறுதிப்படவில்லை என்று சொல்வதே பொருந்தும்.

புல்தரை வந்த பிறகு

டான்டெலியன் பகையானது புல்தரையின் எழுச்சியோடுதான். அரிவாளும் ஆட்டுமந்தையும் கொண்டு பராமரிக்கப்பட்ட பரந்த புல்வெளி ஒருகாலத்தில் பிரபுக்களின் ஆடம்பரமாக இருந்தது. 1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங், துணியாலையில் கம்பளித் துணியின் பிசிறுகளைக் கத்தரிக்கும் பொறியைப் பின்பற்றிப் புல்வெட்டும் பொறியை உருவாக்கினார். ஆடம்பரம் நடுத்தர மக்களின் வாசலுக்கு இறங்கி வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் லெவிட்டவுன் போன்ற புறநகர்கள் எழுந்தபோது, ஒரே மாதிரியான வீடுகளின் முன் ஒரே மாதிரியான புல்தரை குடும்ப மதிப்பின் அடையாளமாயிற்று. ஒரு வீட்டின் டான்டெலியன் விதை அடுத்த வீட்டுக்குப் பறக்கும் என்பதால், அதைப் பிடுங்காதவர் தம் தரையை மட்டுமன்றி அண்டை வீட்டாரின் நன்மதிப்பையும் இழந்தார்.

தோட்டக்காரரின் எரிச்சலுக்குச் செடியின் இயல்பிலும் காரணம் உண்டு. அதன் ஆணிவேர் ஆழமாக இறங்கும். பிடுங்கும்போது ஒரு துண்டு அறுந்து மண்ணில் தங்கினாலும் அதிலிருந்து மீண்டும் முளைக்கும். புல்லை ஒட்ட வெட்டினால் இலைகள் தரையோடு படிந்து, பூக்காம்பு குட்டையாகிவிடும். பல வகைகள் மகரந்தச் சேர்க்கையின்றியே விதை ஈனவல்லவை. அவ்விதையின் பறத்தலோ தனி விந்தை. அதன் தூவிகளுக்கு மேலே காற்று ஒரு சுழல் வளையமாகத் தங்கி விதையைத் தாங்குகிறது என்பதை எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் கண்டறிந்தனர். குழந்தை ஊதி மகிழும் அதே பஞ்சுக்கோளம்தான் தோட்டக்காரரின் வயிற்றெரிச்சல்.

ஒரே போர், இரு முகங்கள்

இவ்வரலாற்றின் வியப்பான பகுதி இரண்டாம் உலகப்போரில் நிகழ்கிறது. டான்டெலியனின் நெருங்கிய உறவாகிய 'கோக்-சாகிஸ்' என்னும் செடி 1930களின் தொடக்கத்தில் கசக்ஸ்தானில் கண்டறியப்பட்டது. அதன் வேர்ப்பாலில் தரமான ரப்பர் இருந்தது. சோவியத் அரசு அதைப் பெரும்பரப்பில் பயிரிட்டது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் ஜப்பானியர் வசமாயின. அத்தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர் என்பதை நாம் இங்கே நினைவுகூர வேண்டும். அவர்களுள் பலர் சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்தனர். அவர்கள் வெட்டிய பால் நின்றுபோனதால், உலகின் மறுகோடியில் அமெரிக்க அரசு 'ரஷ்ய டான்டெலியன்' விதைகளை வாங்கித் தன் வயல்களில் விதைத்துப் பார்த்தது. நாஜிகளும் இதே செடியை நாடினர். ஆஷ்விட்ஸின் கிளை முகாமான ராய்ஸ்கோவில் பெண் கைதிகள் இதன் ஆய்வுக்கும் பயிர்ப்பணிக்கும் பயன்படுத்தப்பட்டனர். ஒரு சிறு மஞ்சள் பூவின் பின்னே இத்தனை பேரின் துயரம் ஒளிந்திருக்கிறது.

அதே ஆண்டுகளில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆய்வகங்கள் 2,4-டி என்னும் வேதிப்பொருளை உருவாக்கிக்கொண்டிருந்தன. பகைவரின் பயிரை அழிக்கும் கருவியாகலாம் என்ற எண்ணத்தில் அவ்வாய்வுகள் மறைவாக வைக்கப்பட்டன. அது தாவர வளர்ச்சி ஊக்கியைப் போல நடித்து, அகன்ற இலைச் செடிகளைக் கட்டுக்கடங்காமல் வளரச் செய்து கொல்லும். புல்லுக்குப் பெருந்தீங்கு செய்யாது. போர் முடிந்ததும் அது கடைக்கு வந்தது. ஓர் அரசு டான்டெலியன் இனத்தை விதைத்த அதே காலத்தில், அதே அரசின் ஆய்வகம் டான்டெலியனின் காலனையும் உருவாக்கியது. அதுவரை புல்விதையோடு விரும்பிக் கலந்து விதைக்கப்பட்ட வெண்தீவனப்புல்லாகிய குளோவரும் இம்மருந்துக்குப் பலியாயிற்று. பலியான பின் அதுவும் களைப் பட்டியலில் சேர்ந்தது. மருந்து எதைக் கொல்கிறதோ அதுவே களை என்று வரையறை தலைகீழாயிற்று.

ஹட்சன் ஊரின் வழக்கு

இந்த வரையறையை எதிர்த்துக் கேள்வி எழுந்தது கனடாவின் சிற்றூர் ஒன்றில். மாண்ட்ரியாலுக்கு மேற்கே உள்ள ஹட்சனில், தோல்நோய் மருத்துவர் ஜூன் இர்வின் 1980களின் நடுவிலிருந்து ஊர்மன்றக் கூட்டங்களுக்கு விடாமல் சென்று, அழகுக்காகத் தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லிகளையும் களைக்கொல்லிகளையும் தடுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். 1991இல் ஊர்மன்றம் அத்தகைய விதியை இயற்றியது. புல்தரைப் பராமரிப்பு நிறுவனங்கள் வழக்காடின. ஊர்மன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று கனடாவின் உச்சநீதிமன்றம் 2001 ஜூனில் தீர்ப்பளித்தது. கியூபெக் மாகாணம் 2003இலும் ஒன்டாரியோ 2009இலும் மாகாண அளவில் விதிகளைக் கொண்டுவந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் 2,4-டியைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற ஐயப்பிரிவில் வைத்தது.

டொரோண்டோவில் வாழும் ஈழத்தமிழர்களுக்கு மே மாதத்தின் மஞ்சள் புல்தரைகள் புதிதல்ல. அக்காட்சிக்குப் பின்னே இப்படி ஒரு வழக்கு இருக்கிறது என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவர்? இருமனமும் தீரவில்லை. சட்டம் மருந்தைத் தடுத்ததே தவிர, மஞ்சள் தரையைக் கண்டு முகம் சுளிப்பதைத் தடுக்கவில்லை.

பயன்கொள்ளும் வழிகள்

வெறுப்பையும் விருப்பையும் ஒருசேர வைத்துக்கொண்டு வாழும் தோட்டக்காரர்கள் சில நடைமுறைகளைக் கண்டுள்ளனர். பூக்கும் முன்பே இளந்தளிரைப் பறித்தால் கசப்புக் குறைவு. முற்றிய இலையை வேகவைத்து நீரை வடித்துவிட வேண்டும். தொட்டியைக் கவிழ்த்து மூடிவைத்து இலையை வெளுக்கச் செய்யலாம். பூவிதழ்களைக் கொண்டு ஒயினும் இனிப்புப் பாகும் செய்வர். வேரை இலையுதிர்காலத்தில் தோண்டி வறுத்துக் காபிக்கு மாற்றாகக் கொள்வர். விதை பரவாமல் இருக்க, மஞ்சள் பூ வெண்பஞ்சாகும் முன் கிள்ளிவிட்டால் போதும். புல்லைச் சற்று உயரமாக வெட்டினால் அதன் நிழலில் புதிய நாற்றுகள் எழுவது குறையும். மருந்து தெளித்த தரையிலும் சாலையோரத்திலும் பறிக்கலாகாது. சிறுநீரகம், பித்தப்பை தொடர்பான நோயுடையோர் மருத்துவரைக் கேட்காமல் மருந்தாக உண்ணலாகாது.

தேனீக்களுக்காக இதை விட்டுவைக்க வேண்டும் என்னும் வாதத்தையும் அளவோடு ஏற்பதே நன்று. இளவேனிலின் தொடக்கத்தில் இது தேனும் மகரந்தமும் தருவது உண்மை. ஆனால் இதன் மகரந்தத்தில் தேனீக்களுக்குத் தேவையான சில அமினோ அமிலங்கள் போதிய அளவில் இல்லை. வேறு பூக்களும் சேர்ந்திருக்கும் தோட்டமே அவற்றுக்கு முழு உணவு.

ரப்பரின் கதையும் முடிந்துவிடவில்லை. ஜெர்மனியின் கான்டினென்டல் நிறுவனம் ரஷ்ய டான்டெலியனின் ரப்பரைக் கொண்டு மிதிவண்டி டயர் செய்து 2019இல் விற்பனைக்குக் கொணர்ந்தது.

மருந்துச் சரக்காக, கீரையாக, ஏழையின் காபியாக, அண்டை வீட்டாரின் பகையாக, போர்க்காலத்தின் மூலப்பொருளாக, நீதிமன்ற வழக்கின் மறைமுகக் காரணமாக இச்செடி இருந்துள்ளது. இத்தனை நூற்றாண்டுகளில் அதன் இலையும் வேரும் பூவும் பெரிதாக மாறிவிடவில்லை. மாறியவை நம் வீட்டு வாசலும் நம் கடைச்சரக்கும் நம் அச்சங்களுமே. ஒன்றைக் களை என்று சொல்லும்போது நாம் செடியைப் பற்றிச் சொல்வதைவிட நம்மைப் பற்றியே மிகுதியும் சொல்கிறோம்.