செந்நிறத் தாளும் கருத்துப்படமும்: புதுச்சேரியில் 'இந்தியா' இதழின் முகம்

மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் மென்பொருளைத் தமிழில் கட்டற்ற மென்பொருள் என வழங்குகின்றனர். அதற்குத் தனி முதலாளி இல்லை. விளம்பரத்துக்கென ஒதுக்கிய பணம் பெரும்பாலும் இல்லை. அதை ஆக்குவோர் பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்து, சில ஆண்டுகளில் விலகியும் போகின்றனர். இந்நிலையில் அம்மென்பொருளை இன்னதென்று காட்டும் சின்னத்தையும் நிறத்தையும் எழுத்து வடிவையும் யார் தீர்மானிப்பது, அவை யாருக்கு உரியவை என்னும் கேள்விகள் நிரல் எழுதும் பணிக்குச் சற்றும் குறையாத கடினம் உடையவை. லினக்சின் அடையாளமான பென்குயினை 1996இல் லாரி யூயிங் கிம்ப் என்னும் கட்டற்ற ஓவியச் செயலியைக் கொண்டே வரைந்து, அதைப் பிறர் பயன்படுத்தவும் மாற்றவும் இசைவளித்தார். மோசில்லா நிறுவனமோ ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் நிரலைத் திறந்து வைத்துவிட்டு, பெயரையும் சின்னத்தையும் வணிகக்குறிச் சட்டத்தின் காவலில் வைத்துக்கொண்டது. அதனால் 2006இல் லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் குழுவினர் அதே உலாவியை ஐஸ்வீசல் என்ற வேறு பெயரில் வழங்க நேர்ந்தது. பழைய பெயர் டெபியனுக்குத் திரும்ப 2016 வரை காலம் பிடித்தது. நிரல் பொதுவாயிருந்தும் முகம் பொதுவாகவில்லை என்பதே அந்தப் பத்தாண்டுப் பிணக்கின் சாரம்.

இக்கேள்வி கணினியோடு பிறந்ததன்று. பொருள் ஈட்டும் நோக்கமின்றி ஒரு கொள்கைக்காகப் பலர் கூடி நடத்திய முயற்சிக்கு வலுவான தோற்றம் அமைப்பது எவ்வாறு என்பதற்கு, 1908 முதல் 1910 வரை புதுச்சேரியிலிருந்து வெளிவந்த 'இந்தியா' வார இதழ் ஒரு சிறந்த சான்று. 1906 மே மாதம் சென்னையில் தொடங்கிய அவ்விதழைச் சட்டப்படி நடத்தியவர்கள் மண்டயம் குடும்பத்தார். அதன் எழுத்துக்கும் நோக்குக்கும் பொறுப்பேற்றவர் சுப்பிரமணிய பாரதி. ஆசிரியராகப் பதிவாகியிருந்த மு. சீனிவாசன் 1908 ஆகஸ்டில் கைதாகி, பின்னர் ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்; அவர் கைதானதை அடுத்துப் பாரதி பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிக்குச் சென்றார். அவ்வாண்டு அக்டோபரில் இதழும் அங்கிருந்து வெளிவரலாயிற்று. பத்திரிகைச் சுதந்திரத்தை நிலைநாட்டிய 1881ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டம் குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்துவதாக இருந்தமையால், ஆங்கில அரசு நேரடியாகக் கைவைக்க இயலாத அச்சகம் ஒன்று அவ்வூரில் அமைய முடிந்தது.

ஊரும் அச்சகமும் மாறியபோதும் வாசகர் அதே இதழை அடையாளம் கண்டுகொண்டனர் என்றால், அதற்கு இதழின் தோற்றமும் ஒரு காரணம். 'இந்தியா' சிவப்பு நிறத் தாளில் அச்சாயிற்று. வெள்ளைத் தாள்களின் நடுவே எழுத்தைப் படிக்கும் முன்பே கண்ணில் படுவதும், புரட்சியின் நிறமென்று உலகெங்கும் அறியப்பட்டதுமான அந்தச் சிவப்பு, ஓவியரின் துணையோ கூடுதல் அச்சு வேலையோ இன்றித் தாளைத் தேர்ந்தெடுப்பதால் மட்டுமே கைகூடிய அடையாளமாகும். வசதி குறைந்த கூட்டு முயற்சிக்கு இதனினும் பொருத்தமான தேர்வு அமைவது அரிது. இதழின் முகப்பில் பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கமான சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று சொற்கள் இடம்பெற்றன. சென்னையில் அரசுக்கு எதிரான அறைகூவலாக ஒலித்த அச்சொற்கள், புதுச்சேரியை ஆண்ட குடியரசின் அலுவல் முழக்கமாகவே இருந்தன. ஆளுவோர் தாமே பறைசாற்றும் கொள்கையைத் தன் நெற்றியில் தாங்கிய இதழை அவ்வூர் அதிகாரிகள் அக்கொள்கையின் பெயரால் குறை கூறுவது எளிதாயிருந்திராது.

இவ்விரண்டையும் விட ஆழமானது மூன்றாவது அடையாளமாகிய கருத்துப்படம். ஓர் அரசியல் கருத்தை உருவகமாக்கி ஒரே பார்வையில் உணர்த்தும் கேலிச் சித்திரமே கருத்துப்படம் எனப்படுவது. லண்டனின் 'பஞ்ச்' இதழ் 19ஆம் நூற்றாண்டில் அதற்குப் புகழ் தேடித் தந்தது. தமிழில் அதைத் தொடர்ந்து வெளியிட்ட முன்னோடி 'இந்தியா' ஆகும். ஆங்கில ஆட்சியின் சுரண்டலும் மிதவாதிகளின் விண்ணப்ப அரசியலும் அங்கே உருவம் பெற்றன. படத்தின் உட்பொருளை விளக்கும் குறிப்புகளும் உடன் எழுதப்பட்டன. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடும் முறையில் சித்திரத்தை எழுத்தைப்போலக் கோத்துவிட முடியாது. அதை வரைவதற்கும் அச்சுக்கு ஏற்றதாக்குவதற்கும் தனி உழைப்பும் தனிச் செலவும் வேண்டியிருந்தன. எழுத்து வேலைக்கே பணம் தட்டுப்பட்ட ஓர் இதழ் அச்செலவை மேற்கொண்டதன் காரணத்தை அக்கால எழுத்தறிவு நிலையில் தேடவேண்டும். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்கு ஆறு பேர்கூட எழுத்தறிந்தவர் இல்லை. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கூடிக் கேட்கும் வழக்கம் நிலவிய அச்சமூகத்தில், கேட்போரும் தாமே படிக்கத்தக்க ஒரு பகுதியாகப் படம் அமைந்தது. ஆகவே கருத்துப்படத்தை இதழின் அணியலங்காரமாகக் கருதுவது பிழை. எழுத்து எட்டாதவரையும் இயக்கத்துக்குள் அழைத்த வாயில் அது. தோற்றத்தைக் கடைசியில் பூசிக்கொள்ளும் மேற்பூச்சாக எண்ணும் கட்டற்ற மென்பொருள் குழுக்கள் பல இன்றும் உண்டு. பயன்படுத்துவோர் எவர் என்பதை முதலில் கேட்டு, அவர்களுக்கேற்பத் தோற்றத்தை அமைத்த இந்தப் பழைய இதழ் அக்குழுக்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

புதுச்சேரியில் 'இந்தியா'வோடும் 'விஜயா', 'சூரியோதயம்', 'கர்மயோகி' முதலிய இதழ்களோடும் பாரதிக்குத் தொடர்பிருந்தது. இவற்றுள் 'விஜயா' 1909இல் பாரத மாதாவின் உருவத்தை முகப்பில் தாங்கி வந்தது. அபனீந்திரநாத் தாகூர் 1905இல் வங்கத்தில் தீட்டிய ஓவியத்துக்குப்பின் பல கைகளால் பலவாறு மாற்றி வரையப்பட்டு வந்த அவ்வுருவம் எவருக்கும் தனியுரிமை இல்லாத பொதுச் செல்வமாயிருந்தது. புதுச்சேரியில் பாரதியும் நண்பர்களும் அதைச் சுடுமண் சிலையாகவும் செய்வித்தனர். ஏற்கெனவே மக்கள் உள்ளத்தில் வேரூன்றிவரும் ஓர் உருவத்தை எடுத்து, அதைத் தம் ஊருக்கும் காலத்துக்கும் ஏற்பத் திருத்தி, மீண்டும் பொதுவிலேயே விட்டுவிடும் இம்முறையும் மூல நிரலைக் கையாளும் முறையும் ஒன்றே.

எளிதில் அறியப்படுவதற்கு ஒரு விலையும் இருந்தது. ஆங்கில அரசு தன் எல்லைக்குள் 'இந்தியா' நுழைவதைத் தடுக்க முற்பட்டபோது, வாசகர் கண்ணுக்குத் தப்பாத சிவப்புத் தாள் அஞ்சலகத்தார் கண்ணுக்கும் தப்பியிருக்க முடியாது. வாசகர்களில் பெரும்பாலோர் அந்த எல்லைக்குள் வாழ்ந்தமையால், தடையின் விளைவாக இதழ் 1910 மார்ச்சில் நின்றுபோயிற்று. அடையாளத்தை மறைத்துச் சாதாரணத் தாளில் அதை வெளியிட்டிருந்தால் மேலும் சில மாதங்கள் ஓடியிருக்கக்கூடும்; ஆனால் மறைந்து வாழும் இதழால் ஓர் இயக்கத்தின் கொடியாக நிற்க இயன்றிருக்காது என்பதால், அந்தத் தேர்வைத் தவறென்று கூறுவதற்கில்லை. இதழ் நின்றபின்னும் அதன் கருத்துப்படங்கள் மறையவில்லை; அவற்றை வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 1994இல் நூலாகத் தொகுத்தார்.

இதழின் சின்னங்கள் நின்றுபோக, அதன் ஆசிரியரின் முகமே பிற்காலத்தில் ஒரு சின்னமாயிற்று. பாரதியின் படைப்புகளுக்கான உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றுப் பின்னர் அவற்றைப் பொதுவுடைமையாக்கியது. அதன்பின் எவரும் அவற்றை அச்சிடலாம், பாடலாம், இணையத்தில் ஏற்றலாம் என்றானது. தமிழ்க் கட்டற்ற மின்னூல் முயற்சிகளுக்கு அது பெருந்துணையாயிற்று. அதோடு முண்டாசும் முறுக்கிய மீசையும் நெற்றித் திலகமுமாக நான்கைந்து கோடுகளில் வரைந்துவிடக்கூடிய அவ்வுருவத்தைப் பள்ளிகளும் மன்றங்களும் தொழிற்சங்கங்களும் தத்தம் கைத்திறனுக்கேற்ப வரைந்து வைத்துக்கொண்டன. கோடு தடித்தாலும் மெலிந்தாலும், சுவரில் சுண்ணாம்பாலோ திரையில் புள்ளிகளாலோ வரைந்தாலும், அது பாரதி என்பதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. அதை வரைய எவரும் எவரிடமும் இசைவு கேட்பதுமில்லை.