லவாட்சா

இத்தாலியின் வடமேற்கிலுள்ள தூரின் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட காப்பி வறுப்பு நிறுவனம். 1895இல் லூயிஜி லவாட்சா தொடங்கிய மளிகைக் கடையிலிருந்து வளர்ந்தது. இன்றுவரை, நான்கு தலைமுறைகளாக, அவருடைய குடும்பத்தின் உடைமையாகவே உள்ளது. வெவ்வேறு நிலங்களில் விளைந்த கொட்டைகளைக் கலந்து, விளைச்சல் எப்படி மாறினாலும் சுவை மாறாமல் காக்கும் கலவை முறையே இதன் அடித்தளம்.

லூயிஜி 1859இல், மோன்ஃபெர்ராத்தோ குன்றுப் பகுதியைச் சேர்ந்த முரிசெங்கோ என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பிழைப்புத் தேடி அவர் தூரினுக்கு வந்தபோது நகரமே வேறு பிழைப்புக்கு மாறிக்கொண்டிருந்தது. 1861இல் ஒன்றுபட்ட இத்தாலிக்குத் தலைநகராக இருந்த தூரின், 1865இல் அந்தத் தகுதியை இழந்தபின் ஆலைகளின் நகரமாயிற்று. நீராவியால் காப்பி வடிக்கும் இயந்திரம் ஒன்றுக்கு ஆஞ்செலோ மோரியோந்தோ 1884இல் காப்புரிமை பெற்றதும் இந்நகரில்தான். சான் தொம்மாசோ தெருவில் இருந்த ‘பாய்ஸா ஒலிவேரோ’ என்ற பழைய மளிகைக் கடையை லூயிஜி 26,000 லீரா கொடுத்து வாங்கினார். எண்ணெய், சோப்பு, மசாலாப் பொருள்கள், மதுவகைகள் ஆகியவற்றோடு காப்பியும் அங்கே ஒரு சரக்கு, அவ்வளவுதான்.

அக்காலத்து இத்தாலிய வீடுகளில் பச்சைக் கொட்டையை வாங்கிவந்து வறுத்து அரைத்துக்கொள்வதே பெருவழக்கு. லூயிஜி அந்த வேலையைக் கடைக்குள் கொண்டுவந்தார். தாமே வறுத்து, வாங்குபவரின் நாக்குக்கும் கைப்பணத்துக்கும் ஏற்பக் கலந்து கொடுத்தார். பீபெரி இவ்வளவு, பிளாண்டேஷன் இவ்வளவு, சிக்கரி இவ்வளவு என்று கேட்டு அரைத்து வாங்கும் தமிழ்நாட்டுக் காப்பித்தூள் கடை வழக்கம் போன்றதே இது. ஆனால் லூயிஜி அங்கே நின்றுவிடவில்லை. கேட்டவருக்குக் கேட்டபடி கலப்பதிலிருந்து, எல்லாருக்கும் பொருந்தும் நிலையான கலவைக்கு நகர்ந்தார். பிற்கால வளர்ச்சி முழுவதற்கும் இந்த நகர்வே வித்து.

கலவை ஏன் தேவைப்படுகிறது என்பதற்குக் காப்பிச் செடியின் இயல்பே காரணம். பழத்தோடு வெயிலில் உலர்த்திய பிரேசில் கொட்டை கனமான சுவையும் குறைந்த புளிப்பும் உடையது. தோல் நீக்கிக் கழுவி உலர்த்திய நடு அமெரிக்கக் கொட்டையில் புளிப்பும் நறுமணமும் மேலோங்கும். ஒரே தோட்டத்துக் கொட்டைகூட மழையைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும். பிரேசிலில் பனி பெய்து செடிகள் கருகினால் விலை எகிறும். எந்த ஒரு விளைநிலத்தையும் முழுதாக நம்பாமல், ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடுசெய்வதே கலப்பவரின் கலை. சரக்கு மாறலாம், கோப்பையில் சுவை மாறக் கூடாது.

1895இல் இக்கலவைகளில் ரொபஸ்டா இடம்பெற வழியில்லை; அந்த இனம் அப்போது சந்தைக்கு வரவில்லை. 1869இல் இலங்கையில் காணப்பட்ட இலைத்துரு நோய் அத்தீவின் காப்பித் தோட்டங்களை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. ஜாவாவின் அராபிகா தோட்டங்களையும் தாக்கியது. நோயைத் தாங்கும் செடியைத் தேடியவர்களுக்குக் காங்கோ படுகையைச் சேர்ந்த ரொபஸ்டா கிடைத்தது. 1900க்குப் பின் ஜாவாவில் அது பரவியது; பின்னர் ஐரோப்பியக் கலவைகளிலும் சேர்ந்தது. அராபிகாவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு காஃபீன் கொண்ட இதனை மட்டமான சரக்கு என்று ஒதுக்குவது மேலோட்டமான பார்வை. எஸ்பிரெஸ்ஸோவின்மேல் நிற்கும் தடித்த பொன்னிற நுரைக்கும், வாயில் தங்கும் கனத்துக்கும் ரொபஸ்டாவின் பங்கு பெரிது. நன்கு பதப்படுத்திய ரொபஸ்டா கலவைக்கு வலுவே தவிர கலப்படம் அல்ல. இந்தியக் காப்பியை மிகுதியாக வாங்கும் நாடு இத்தாலி என்பதும், அதில் குடகு, வயநாடு போன்ற பகுதிகளின் ரொபஸ்டாவுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை.

1927இல் கடை, ‘லூயிஜி லவாட்சா’ என்ற பங்கு நிறுவனமாகப் பதிவாயிற்று. லூயிஜி, மனைவி எமிலியா, மக்கள் மரியா, மாரியோ, பெரிக்ளே, பெப்பே ஆகியோர் பங்குதாரர். வறுத்த கொட்டை காற்றுப்பட்டால் மணம் இழக்கும் என்பதால் ‘பெர்கமின்’ என்னும் இரட்டைத்தாள் உறையில் அடைத்து விற்கத் தொடங்கினர். காப்பி தூரினைத் தாண்டிப் பயணப்பட இந்த உறை உதவியது.

உலகப் பொருளாதார மந்தத்தில் விலை சரிந்தபோது பிரேசில் அரசு 1931 முதல் 1944 வரை ஏறத்தாழ 7 கோடியே 80 லட்சம் மூட்டைக் காப்பியை எரித்தும் கடலில் கொட்டியும் அழித்தது. 1935இல் பிரேசில் சென்ற லூயிஜி இதைக் கண்டு மனம் நொந்தார் என்பது நிறுவன வரலாற்றில் விடாமல் சொல்லப்படும் செய்தி. உழவர் குடியில் பிறந்தவருக்கு அந்த வேதனை இயல்பானதே. அடுத்த சில ஆண்டுகளில் இத்தாலியில் காப்பியே கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் இறக்குமதி முடங்கி, மக்கள் பார்லியையும் சிக்கரியையும் வறுத்துக் குடித்தனர். போர் முடிந்ததும் பிள்ளைகள் தொழிலை மீட்டனர். நடுவில் பெரிய ‘ஏ’ எழுத்துடைய முத்திரை அக்காலத்தது. லூயிஜி 1949இல் மறைந்தார்.

பெப்பேயின் மகன் எமிலியோ (1932–2010) காலத்தில் வீட்டுக் கடை தேசியப் பெயராயிற்று. 1965இல் தூரினை அடுத்த செத்திமோவில் திறந்த ஆலை அன்று ஐரோப்பாவிலேயே பெரியது எனப்பட்டது. விளம்பரக் கலைஞர் ஆர்மாந்தோ தெஸ்தா உருவாக்கிய, கூம்பு வடிவக் காகித மாந்தர் கார்மென்சித்தாவும் கபல்லேரோவும் தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றி இத்தாலியக் குழந்தைகளுக்கும் பழக்கமாயினர். பின்னர் நடிகர் நீனோ மான்ஃப்ரேதி பல ஆண்டுகள் விளம்பர முகமாக இருந்தார்.

2007இல் லவாட்சா, இந்தியாவின் பரிஸ்தா கடைகளையும் சென்னையைச் சேர்ந்த ஃபிரெஷ் அண்ட் ஆனஸ்ட் நிறுவனத்தையும் வாங்கியது. பரிஸ்தாவை 2014இல் விற்றுவிட்டது. 2015 மே மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்தில் விண்வெளி வீராங்கனை சமாந்தா கிறிஸ்தோஃபொரெத்தி குடித்த எஸ்பிரெஸ்ஸோ, லவாட்சாவும் ஆர்கோடெக் நிறுவனமும் இத்தாலிய விண்வெளி முகமையோடு சேர்ந்து செய்த இயந்திரத்தில் தயாரானது. கார்த் நுவார் (பிரான்ஸ்), கிக்கிங் ஹார்ஸ் (கனடா) முதலியவை இப்போது இதன் கிளைப் பெயர்கள். 2011 முதல் தலைமைச் செயல் அலுவலர் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தவர். 2023இல் எமிலியோவின் மகன் ஜுசெப்பே லவாட்சா தலைவரானார். அவ்வாண்டு விற்பனை 300 கோடி யூரோவைக் கடந்தது.