ஒரு வாய்க்கால், இரண்டு ஊர்

புதுச்சேரி கடற்கரையிலிருந்து மேற்கே பத்து நிமிடம் நடந்தால் ஒரு சாக்கடை குறுக்கிடும். சுற்றுலா வருபவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடுவார்கள். பெயர், பெரிய வாய்க்கால். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இதுதான் எல்லை! கிழக்கே கடலோரம் 'வில் பிளான்ஷ்', அதாவது வெள்ளை நகரம். மேற்கே 'வில் நுவார்', கருப்பு நகரம்.

வீடுகளைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். கிழக்கே உயரமான மதில், பெரிய கதவு, உள்ளே தோட்டம். மேற்கே தெருவைப் பார்த்த திண்ணை, தாழ்வாரம், முற்றம். மேற்குப் பகுதிக்குள்ளும் கோடுகள் இருந்தன. வெள்ளாளர் வீதி, கோமுட்டி வீதி என்று சாதிவாரியாகத் தெருக்கள். அந்தக் கோடுகளைப் போட வெள்ளைக்காரன் தேவைப்படவில்லை.

எல்லை என்றாலும் முழுசாகப் பிரிக்கவில்லை. மணக்குள விநாயகர் கோயில் வெள்ளை நகரத்துக்குள் இருக்கிறது. ஏசு சபையினரின் தேவாலயம் தமிழர் பக்கம் இருந்தது. அதை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, துய்ப்ளேக்சு ஆட்சியில் இடிக்கப்பட்டது. துய்ப்ளேக்சின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். ஊரிலேயே செல்வாக்கான தமிழர் அவர். அவர் மாளிகையும் வாய்க்காலுக்கு மேற்கேதான்.

சென்னையிலும் இதே கதைதான். பிரெஞ்சு முற்றுகைக்குப் பிறகு கோட்டையை ஒட்டியிருந்த கருப்பர் நகரத்தை ஆங்கிலேயர் இடித்தார்கள். இந்த எல்லைக்குள் வீடு கட்டக்கூடாது என்று 1773இல் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில் மிஞ்சியிருக்கிறது.

புதுவையில் எல்லை வாய்க்காலோடு நிற்கவில்லை, காலுக்கும் வந்தது. 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய பாணி காலணி அணிந்து நீதிமன்றத்துக்குப் போனார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்று நீதிபதி தடுத்தார். அவர் விடவில்லை. பாரீஸ் வரை மேல்முறையீடு செய்து ஜெயித்தார். ஒரு ஜோடி செருப்புக்காகக் கடல் தாண்டிய வழக்கு!

1881இல் ஓர் ஆணை வந்தது. இந்தியர் தம் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வரலாம், குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். பொன்னுத்தம்பி 'லாபோர்த்' என்று வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் 'கதவு' என்று பொருள். அந்தக் கதவு வழியாகப் போனவர்களில் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் நிறைய. உயர்சாதி இந்துக்களில் பெரும்பாலோர் பக்கத்திலேயே போகவில்லை.