பூரி ஜெகந்நாதர் ஆலயத்தின் இரத்தின பண்டாரம்: சுவரை உடைக்காமல் உள்ளறிந்த வரலாறு

பாரத நாட்டின் நான்கு திக்குகளிலும் விளங்கும் நான்கு தாமங்களுள் கிழக்குத் திக்கிற்கு உரியது ஒடிசா மாநிலத்தின் பூரித் திருத்தலம். அங்கே 214 அடி உயரத்திற்கு ஓங்கி நிற்கும் ஜெகந்நாதர் ஆலயத்தை எழுப்பத் தொடங்கியவன் கீழைக் கங்க மரபைச் சேர்ந்த அனந்தவர்மன் சோடகங்கன் ஆவான். இவனுடைய தாய் இராசசுந்தரி சோழர் குலத்து இளவரசி. சோழம், கங்கம் என்னும் இரு குலப் பெயர்களும் இவன் பெயரிலேயே இணைந்து கிடக்கின்றன. கலிங்கத்துப் பரணியில் கருணாகரத் தொண்டைமானிடம் தோற்றோடியவனாகத் தமிழர் அறிந்திருக்கும் கலிங்க வேந்தன் இவனே என்பது பலரும் நினைத்துப் பாராத செய்தி. 12ஆம் நூற்றாண்டில் இவன் தொடங்கிய திருப்பணியைப் பின்வந்த மன்னர்கள் நிறைவு செய்தனர்.

இவ்வாலயத்தின் ஜெகமோகன மண்டபத்தை ஒட்டி வடபுறத்தில் அமைந்திருப்பதே இரத்தின பண்டாரம் எனப்படும் பொக்கிஷ அறை. மன்னர்களும் அடியார்களும் நூற்றாண்டுக் கணக்கில் காணிக்கையாக்கிய பொன்னும் மணியும் இங்கே காக்கப்படுகின்றன. இது புறப்பண்டாரம், உட்பண்டாரம் என இரு கூறுகளை உடையது. ஆண்டுதோறும் இரதயாத்திரையின் முடிவில் மூலவர் மூவரும் பொன் அணிகள் பூண்டு தேர்மீது காட்சி தரும் சுனாவேஷத்திற்கு வேண்டிய அணிகள் புறப்பண்டாரத்திலிருந்து எடுக்கப்படும். உட்பண்டாரமோ அரிதினும் அரிதாகவே திறக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டில் மே மாதம் தொடங்கி ஜூலை மாதம் வரை எழுபது நாட்களுக்கு மேல் அமர்ந்து அணிகலன்களைக் கணக்கெடுத்தனர். 12,800 பரிக்கும் மேற்பட்ட பொன் என்று அப்பட்டியல் கூறியது. ஒரு பரி என்பது ஏறத்தாழ 11.66 கிராம். பின்னர் 1985 ஜூலையில் செப்பனிடும் பணிக்காகச் சிறிது காலம் திறந்தனர். அதன்பின் முப்பத்தொன்பது ஆண்டுகள் அக்கதவு மூடியே கிடந்தது.

மூடிய அறையைப் பற்றிக் கதைகள் வளர்வது இயல்பு. உட்பண்டாரத்தின் சுவருக்குப் பின்னால் வேறோர் அறை உண்டு என்றனர் சிலர். தரைக்குக் கீழே சுரங்கம் செல்கிறது என்றனர் வேறு சிலர். நாகங்கள் காவல் இருப்பதாகவும் நம்பினர். இத்தகைய நம்பிக்கைகளை நகைத்து ஒதுக்குவதற்கில்லை. படையெடுப்புகளின்போது மூலவரையே மறைத்து வைத்துக் காத்த ஆலயம் அது. ஆயினும் கவலைக்குரிய வேறு செய்தியும் இருந்தது. 2018 ஏப்ரல் 4ஆம் நாள் கட்டடத்தின் நிலையை ஆராயச் சென்ற குழுவினர், உட்பண்டாரத்தினுள் நுழையாமல் வெளியில் நின்றே விளக்கொளி பாய்ச்சிப் பார்த்துவிட்டுத் திரும்பினர். சாவியைக் காணவில்லை என்பது பிறகே வெளியாயிற்று. நாடெங்கும் எழுந்த கேள்விகளுக்கிடையே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் ஆவண அறையில் மாற்றுச் சாவிகள் அடங்கிய உறை கிடைத்தது. இதனை ஆராய நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணைக் குழுவும் அமைந்தது.

இறுதியில் 2024 ஜூலை 14ஆம் நாள், பிற்பகல் 1.28 மணி என்னும் முகூர்த்தத்தில், பதினொருவர் கொண்ட குழு பண்டாரத்தினுள் நுழைந்தது. பாம்பு பிடிப்போரும் மருத்துவரும் வெளியே ஆயத்தமாக நின்றனர். மாற்றுச் சாவிகள் உட்பண்டாரத்துப் பூட்டுகளுக்குப் பொருந்தவில்லை. ஆகவே பூட்டுகளை உடைத்தே திறக்க நேர்ந்தது. பாம்பு ஏதும் தென்படவில்லை. சில நாட்களில் அணிகலன்கள் யாவும் ஆலயத்தினுள்ளேயே தற்காலிகக் காப்பறைக்கு மாற்றப்பட்டன. ஆனால் மறைவறையும் சுரங்கமும் உண்டா என்னும் கேள்வி மட்டும் தீர்ந்தபாடில்லை. ஆலயத்தின் முதற்சேவகராகிய கஜபதி மன்னரே, நவீனக் கருவிகளைக் கொண்டு இதனை ஆராயலாம் என்று கருத்துத் தெரிவித்தார்.

சுவரைப் பெயர்த்துப் பார்க்கலாமே என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். எண்ணூறு ஆண்டுகள் கடந்த கட்டுமானம் அது. கடற்காற்றின் உப்பையும் ஈரத்தையும் தாங்கி நிற்கும் கற்கள் அவை. 1990ஆம் ஆண்டில் விமானத்தின் ஆமலகப் பகுதியிலிருந்து பெருங்கல் பெயர்ந்து விழுந்ததை ஆலயத்தார் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு கல்லை அசைத்தால் எது அசையும் என்று சொல்ல முடியாத இடத்தில், கல்லைத் தொடாமல் அதன் உள்ளிருப்பதை அறியும் வழியே தேவைப்பட்டது. நிலத்தை ஊடுருவும் ரேடார் அவ்வழியாயிற்று.

இக்கருவி மின்காந்த அலைகளைச் சிறு சிறு துடிப்புகளாகக் கல்லினுள் செலுத்துகிறது. ஒரே தன்மையுள்ள பொருளினூடே அலை தடையின்றிச் செல்லும். கல் முடிந்து வெற்றிடமோ மண்ணோ உலோகமோ தொடங்கும் எல்லையில் அதன் ஒரு பகுதி எதிரொளித்துத் திரும்பும். சென்று மீண்ட காலத்தைக் கணக்கிட்டால் எல்லையின் ஆழம் தெரியும். வறண்ட கல்லில் அலை ஒரு நானோ வினாடிக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் செல்லும். எனவே 20 நானோ வினாடிகளில் திரும்பிய எதிரொலி ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து வந்ததாகும். அதிர்வெண் கூடினால் நுட்பம் கூடும், ஆழம் குறையும். ஈரமும் உப்பும் மிகுந்த இடத்தில் அலை விரைவில் மடிந்துவிடும். 2024 ஆகஸ்டில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் நிலம் உள்வாங்கியபோது, மண்ணுக்கடியில் உள்ள நிலையை அறிய இவ்வகைக் கருவியே கொண்டுவரப்பட்டதை மலேசியத் தமிழர்கள் நினைவுகூரலாம்.

கருவி தருவது புகைப்படமன்று என்பதை இங்கே வற்புறுத்திச் சொல்ல வேண்டும். திரையில் தோன்றுவன வளைகோடுகளும் பட்டைகளுமே. அவற்றிற்குப் பொருள் சொல்பவர் மனிதர். பொருள் சொல்வதில் எவ்வளவு தடுமாற்றம் நேரக்கூடும் என்பதற்கு எகிப்தில் மன்னர் துட்டன்காமனின் கல்லறையில் நடந்தது தக்க சான்று.

1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் கண்டறிந்த அக்கல்லறையின் சுவர்களை மிக நுட்பமாகப் படியெடுத்த லேசர் பதிவுகளை ஆராய்ந்த நிக்கலஸ் ரீவ்ஸ் என்னும் அறிஞர், வடக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் அடைக்கப்பட்ட வாயில்களின் தடம் தெரிவதாக 2015இல் எழுதினார். வடக்கில் அரசி நெஃபர்டிட்டியின் கல்லறையே இருக்கலாம் என்பது அவர் ஊகம். அவ்வாண்டு நவம்பரில் ஜப்பானிய நிபுணர் ஹிரோகட்சு வத்தனாபே ரேடார் ஆய்வு நடத்தினார். மறைந்த அறை இருப்பதற்குத் தொண்ணூறு விழுக்காடு வாய்ப்புண்டு என்று எகிப்திய அமைச்சர் அறிவித்தார். 2016 மார்ச்சில், உள்ளே உலோகமும் உயிர்ப்பொருளும் இருக்கலாம் என்றுகூடச் சொல்லப்பட்டது. உலகமே பரபரப்படைந்தது. ஆனால் சில நாட்களுக்குள் நேஷனல் ஜியோகிராபிக் சங்கத்தின் துணையுடன் நடந்த இரண்டாம் ஆய்வில் அவ்வறைகளின் அடையாளம் தென்படவில்லை. இரண்டு விடைகளில் எதனை ஏற்பது?

இத்தாலியின் டூரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்கோ போர்செல்லி தலைமையிலான குழுவினர் 2018 பிப்ரவரியில் மூன்றாம் முறையாக ஆராய்ந்தனர். பல்வேறு அதிர்வெண்களைக் கையாண்டு, ஒன்றின் முடிவை மற்றொன்றால் சரிபார்த்தனர். அவ்வாண்டு மே மாதம் வெளியான முடிவு ஐயத்திற்கு இடமளிக்கவில்லை: அச்சுவர்களை ஒட்டி மறைவறை எதுவும் இல்லை. சுவரின் மேற்பரப்பை ஒட்டியே கிடைமட்டமாகப் பரவும் அலைகள் மீண்டு வந்து, ஆழத்தில் ஏதோ இருப்பதுபோன்ற பொய்த் தோற்றத்தைத் தரக்கூடும் என்பதையும் அவர்கள் விளக்கினர். கருவி அங்கே பொய் சொல்லவில்லை. கேட்டவரின் ஆவல் விடையை முந்திக்கொண்டது.

பூரியில் இந்த அவசரம் நேரவில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது. ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிலையத்தின் அறிவியலாளர்கள் 2024 செப்டம்பரில் இந்தியத் தொல்லியல் துறையினருடன் இணைந்து பண்டாரத்தினுள் சென்றனர். ஆய்வு நடந்த வேளைகளில் பக்தர்களின் தரிசனம் நிறுத்தி வைக்கப்பட்டது. அணிகலன்கள் முன்னரே வெளியேறியிருந்தது நன்மையாயிற்று. உலோகம் ரேடார் அலைகளை முழுவதுமாகத் திருப்பியடிக்கும் ஆதலால், பெட்டிகளும் அலமாரிகளும் நிறைந்த அறையில் அதற்கப்பால் இருப்பதை அறிதல் அரிது. தரையையும் சுவர்களையும் அலைகளால் துழாவிப் பதிவு செய்தனர். அன்றே மாலையில் முடிவு கேட்டோருக்குப் பொறுத்திருக்குமாறே விடை கிடைத்தது. பதிவுகளை ஆராய்ந்து அறிக்கை அளித்தபின், மறைவறையோ சுரங்கமோ இல்லை என்று அறிவிக்கப்பட்டது.

சிலருக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். ஆயினும் ‘இல்லை’ என்னும் இவ்விடை ஆலயத்திற்குப் பெரும் பயன் விளைத்தது. மறைவறை உண்டு என்னும் எண்ணம் நிலைத்திருக்கும் வரையில், 1978ஆம் ஆண்டுப் பட்டியல் முழுமையானதுதானா என்னும் ஐயமும் நிலைத்தே இருக்கும். எந்தக் குறைவையும் அவ்வறையின் கணக்கில் எழுதிவிடலாம். சுவருக்கு அப்பால் ஏதுமில்லை எனத் தெரிந்தபின், அறையினுள் இருந்தவற்றையே பட்டியலோடு வைத்து நோக்க வேண்டும் என்றாயிற்று. தெய்வத்தின் பொருளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியோர் எந்த நாட்டு ஆலயத்தில் இருந்தாலும் இதன் அருமையை உணர்வர்.

மேலும், புதையலைத் தேடிய கண்களுக்கு முன்னே வேறொன்று வெளிப்பட்டது. பண்டாரத்தின் சுவர்களிலும் உத்தரங்களிலும் விரிசல்கள் கண்டிருந்தன, ஈரம் ஊறியிருந்தது. ஆண்டுக்கணக்கில் பேச்செல்லாம் பொன்னைப் பற்றியே இருந்தது, கல்லை நினைத்தவர் சிலரே. தொல்லியல் துறையினர் சிதைந்த கற்களை அகற்றி அதே வகைக் கற்களைப் பொருத்தினர். வலுவிழந்த உத்தரங்களுக்குத் துருப்பிடிக்காத எஃகால் தாங்கல் அமைத்தனர். 2025 ஜூலை முதல் வாரத்தில் பணி நிறைவெய்தியது. அதே வாரத்தில், ஜூலை 6ஆம் நாள், ஜெகந்நாதரும் பலபத்திரரும் சுபத்திரையும் சிம்ம வாயிலின் முன் தேர்கள்மீது பொன் அணி பூண்டு அடியார்க்குக் காட்சி நல்கினர்.