திண்டுக்கல் வட்டாரத்தில் தொழிற்பயிற்சிக் கொள்கை: துறைகளின் ஒருங்கிணைப்பு வரலாறு

உழைக்கும் மக்களுக்குத் தொழில் கற்பிக்கும் பொறுப்பு இந்தியாவில் பல அமைச்சகங்களிடமும் மாநிலத் துறைகளிடமும் சிதறிக் கிடக்கிறது. இவற்றை ஒரே திசையில் நடத்த எடுத்த முயற்சிகளின் வரலாறு வழக்கமாக டெல்லியில் அமைந்த குழுக்கள், வாரியங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. பூட்டு, தோல், சுங்குடி, நூற்பாலை எனப் பல தொழில்கள் நெருங்கி வாழும் திண்டுக்கல்லிலிருந்தும், வேடசந்தூர், நிலக்கோட்டைச் சமவெளியிலிருந்தும் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. பயிற்சி தரும் துறைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதது இங்கே சிறிய குறைதான். பயிற்சி தரும் அலுவலகமும், பயிற்சி பெற்றவரின் கூலியையும் வேலை நேரத்தையும் கண்காணிக்கும் அலுவலகமும் தனித்தனியே நின்றதுதான் பெரிய குறை. மேலே எத்தனை அமைப்புகள் மாறினாலும் ஒருமுறை விழுந்த இந்தப் பிளவு மட்டும் மாறாமல் தொடர்ந்திருக்கிறது.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இல்லை. போரிலிருந்து திரும்பும் படைவீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காக 1945 ஜூலையில் மறுவாழ்வு, வேலைவாய்ப்பு இயக்குநரகம் அமைந்தது. இதுவே பின்னர் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வேலைவாய்ப்பு, பயிற்சி தலைமை இயக்குநரகமாக வளர்ந்தது. ஐ.டி.ஐ.க்களுக்கு அடிப்படையான கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் வந்தது. சிவராவ் குழுவின் பரிந்துரைப்படி 1956 நவம்பர் 1 முதல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள், பயிற்சி நிலையங்கள் ஆகியவற்றின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் போனது. பாடத்திட்டம், தரம், சான்றிதழ் ஆகியவற்றை அதே ஆண்டு அமைந்த தேசியத் தொழிற்பயிற்சி மன்றம் பார்த்துக்கொண்டது. அரசமைப்புச் சட்டத்தின் பொதுப்பட்டியலில் 25ஆம் இனம் முதலில் தொழிலாளர்களின் தொழிற்பயிற்சியை மட்டுமே சொன்னது. கல்வி அதில் சேர்ந்தது 1976இல்தான். தொழிற்பயிற்சி என்பது தொழிலாளர் சம்பந்தப்பட்ட விஷயம் என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்கு இயல்பாக இருந்தது. ஆயினும் 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் (பயிலுநர்) சட்டம் அந்த எண்ணத்தில் முதல் விரிசலை உண்டாக்கியது. பயிலுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளி அல்லர் என்று அதன் 18ஆம் பிரிவு அறுதியிட்டது. பாதுகாப்பு, நலன், வேலை நேரம் பற்றிய சில விதிகள் அவருக்கும் உண்டு. ஊதியம், தொழில் தகராறு போன்றவற்றில் தொழிலாளர் சட்டங்களின் நிழல் அவர்மேல் விழாது.

இதே காலத்தில் திண்டுக்கல்லுக்கு அருகே மாற்று வழி ஒன்றும் சோதித்துப் பார்க்கப்பட்டது. டி. எஸ். சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் சின்னாளப்பட்டிக்கு அருகே நிறுவிய காந்திகிராமத்தில் 1956இல் கிராமிய உயர்கல்வி நிறுவனம் தொடங்கியது. இது கல்வி அமைச்சகத்தின் திட்டம். கதர், கிராமத் தொழில்கள் வேறொரு ஆணையத்தின் பொறுப்பு. 1964இல் உருவான கிராம சுகாதார, குடும்பநலப் பயிற்சி நிறுவனம் சுகாதாரத் துறையோடு தொடர்புடையது. அமைச்சகங்கள் கூடிப் பேசி இவற்றை இணைக்கவில்லை. ஓர் இடம் அவற்றைத் தன்னிடம் வரவழைத்துக்கொண்டது. சௌந்தரம் 1962இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்று மத்திய கல்வித் துணை அமைச்சரானதும் இதற்குத் துணை நின்றிருக்கும். தனிமனித செல்வாக்கில் ஓடியதைக் கொள்கையாகக் கொள்ள முடியாது என்ற ஆட்சேபம் நியாயமானதே. 1976இல் அந்தக் கிராமிய உயர்கல்வி நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானபின் பட்டப்படிப்பின் எடை கூடியதும் அந்த ஆட்சேபத்துக்கு வலு சேர்க்கிறது.

2008க்குப் பிறகு டெல்லியில் ஒருங்கிணைப்பு அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. முதலில் பிரதமர் தலைமையில் தேசிய மன்றம், திட்டக்குழுவில் ஒருங்கிணைப்பு வாரியம், தனியாரோடு சேர்ந்த தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம் என்று மூன்றடுக்கு வந்தது. 2022க்குள் 50 கோடிப் பேருக்குப் பயிற்சி என்ற இலக்கு 2009 கொள்கையில் இடம்பெற்றது. 2013இல் தேசியத் திறன் மேம்பாட்டு முகமை வந்தது; 2014இல் தனி அமைச்சகம்; 2018இல் மேலும் ஒரு ஒழுங்குமுறை மன்றம். இவற்றில் திருப்புமுனை என்று சொல்லத்தக்கது 2015 ஏப்ரல் மாற்றம். அப்போது தலைமை இயக்குநரகத்தின் பயிற்சிப் பிரிவும் பயிலுநர் பிரிவும் புதிய அமைச்சகத்துக்குப் போக, வேலைவாய்ப்புப் பிரிவு பழைய தொழிலாளர் அமைச்சகத்திலேயே தங்கிவிட்டது. தொழிலாளர் அமைச்சகத்தில் பயிற்சி கவனிப்பாரற்றுக் கிடந்தது, தனி அமைச்சகம் வந்தபிறகே நிதியும் பொது விதிமுறைகளும் கிடைத்தன என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்தப் பொது விதிமுறைகள் இணைத்தது பயிற்சி தருபவர்களைப் பயிற்சி தருபவர்களோடு. எத்தனை மணி நேரப் பயிற்சி, எவ்வளவு கட்டணம், எத்தனை பேருக்கு வேலை என்ற கணக்கு சீரானது. கிடைத்த வேலை எப்படிப்பட்டது என்று பார்ப்பது இன்னொரு அமைச்சகத்தின் கோப்பில் இருந்தது.

வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளில் இந்தப் பிளவு நேரடியாகத் தெரிந்தது. 1990களின் பிற்பகுதியிலிருந்து தமிழகத்தின் மேற்கு, தென் மாவட்ட ஆலைகளில் பரவிய சுமங்கலித் திட்டத்தில், இளம்பெண்கள் ஆலை விடுதியில் தங்கி மூன்றாண்டு வேலை செய்வார்கள். முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொல்வார்கள். "கேம்ப் கூலி" என்று மக்கள் அழைத்தது இதையும் இதையொத்த விடுதி வேலையையும்தான். அந்தப் பெண்களை அப்ரண்டிஸ் என்று ஆலைகள் அழைத்தன. பெயர்தான் அப்ரண்டிஸ், பார்ப்பது முழுநேர உற்பத்தி வேலை என்பது தொழிற்சங்கங்களின் குற்றச்சாட்டு. 2008இல் தமிழக அரசு நூற்பாலைப் பயிலுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தபோது ஆலை உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றார்கள். விடுதியைப் பதிவு செய்வது 2014ஆம் ஆண்டின் பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியரிடம். இயந்திரப் பாதுகாப்பு தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்திடம். ஊதியம் தொழிலாளர் துறையிடம். பயிற்சி மானியம் ஜவுளி அமைச்சகத்திடமோ ஊரக வளர்ச்சித் துறையிடமோ. ஒரே வளாகத்தில் ஒரே பெண்ணுக்கு நான்கு வாசல்கள். ஜவுளி அமைச்சகத்தின் 2017 சமர்த் திட்டம் அமைப்புசார் துறையின் நூற்பையும் நெசவையும் விலக்கியே வந்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்; திண்டுக்கல் சமவெளியில் பெண்களை அதிகம் வேலைக்கு வைத்த தொழில் அந்தத் தேசியத் திட்டத்துக்கு வெளியே நின்றது.

இந்த வாதத்துக்குக் கடுமையான எதிர்வாதம் சென்னையிலிருந்தே வரும். தமிழகத்தில் தொழிலாளர் நலனும் திறன் மேம்பாடும் ஒரே துறையின் பெயரில் இருந்தும் சுமங்கலி நடந்ததே, பிறகு பிரிவினையைக் குறை சொல்வானேன்? பெயர்ப்பலகை ஒன்றானாலும் கீழே அலுவலகங்கள் ஒன்றாகவில்லை என்பதே பதில். ஐ.டி.ஐ. முதல்வரும் தொழிலாளர் ஆய்வாளரும் வெவ்வேறு ஆணையரகங்களுக்குக் கணக்குக் காட்டுபவர்கள். 2022 மார்ச் 1இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் அதை நடத்தும் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகமும் சிறப்புத் திட்டச் செயலாக்கத் துறையின் பொறுப்பில் இயங்குகின்றன. ஆட்சியர் தலைமையிலான மாவட்டத் திறன் குழுக்கள் இவர்களைக் கூட்டி உட்கார வைக்கலாம். புகாருக்கு உள்ளான ஆலைக்குப் பயிற்சி நிதியை நிறுத்தி வைக்கும் அதிகாரம் இல்லாத குழு, அட்டவணை தயாரிப்பதோடு நின்றுவிடும்.

பூட்டுத் தொழில் நூற்பாலைக்கு மறுபக்கம். நாகல்நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் அப்பனிடமிருந்து பிள்ளை கற்ற, மாங்காய்ப் பூட்டு உட்பட்ட திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அலிகரின் இயந்திரப் பூட்டுகளோடு விலையில் போட்டியிட முடியாததால் பட்டறைகளுக்கு அடுத்த தலைமுறை வரவில்லை. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் அல்ல. 2023 செப்டம்பர் 17இல் வந்த பிரதமரின் விஸ்வகர்மா திட்டம், சிறுதொழில், திறன் மேம்பாடு, நிதிச் சேவைகள் ஆகிய மூன்று தரப்பையும் சேர்த்து, பூட்டுத் தொழிலாளி உட்பட 18 தொழிலினருக்குப் பயிற்சி, கருவிக்கு 15,000 ரூபாய், சலுகை வட்டிக் கடன் ஆகியவற்றை அறிவித்தது. காகிதத்தில் நல்ல ஒருங்கிணைப்புதான். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எதிர்த்துத் தமிழக அரசு 2024 நவம்பரில் அதை அப்படியே ஏற்க மறுத்தது. சாதி பாராத, 35 வயது நிறைந்தோருக்கான கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மாநிலத்தின் ஆட்சேபம் சரியானதே. ஆனாலும் இரண்டு திட்டங்களும் கருவியையும் கடனையும் பற்றிப் பேசின. பூட்டுக்கு என்ன விலை கிடைக்கும் என்ற கேள்வி இரண்டிலும் மையத்துக்கு வரவில்லை.

பயிற்சியையும் வேலைச் சூழலையும் ஒரே தாளில் எழுதிய ஆவணம் கடைசியில் அரசுக்கு வெளியே பிறந்தது. 2021 தொடக்கத்தில் வேடசந்தூர் பகுதி ஆடை ஆலையின் பெண் தொழிலாளி ஒருவர் கொலையுண்டபின், தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம், அயல்நாட்டுத் தொழிலாளர் அமைப்புகள் ஆகியவை 2022 ஏப்ரலில் கையெழுத்திட்டதே திண்டுக்கல் ஒப்பந்தம். எச் அண்ட் எம் போன்ற வாங்குவோரும் இதில் இணைந்தனர். தொழிலாளர் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் பாலின வன்முறை பற்றிய பயிற்சி, தளத்திலேயே கண்காணிக்கும் தொழிலாளர்கள், சுதந்திரமான புகார் விசாரணை என்று அது நிர்ணயித்தது. மீறினால் வணிகம் போகும். ஒரு நிறுவனத்தோடு முடியும் தனியார் ஏற்பாடு மாவட்டம் முழுவதற்கும் மருந்தாகாது. என்றாலும் அதில் உள்ள கட்டாயம் எந்த அரசுக் குழுவுக்கும் தரப்படவில்லை. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு நான்கு பழைய சட்டங்களை ஒன்றாக்கியபோதும், அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் வரும் பயிலுநரைத் தொழிலாளி என்ற வரையறைக்கு வெளியிலேயே வைத்திருக்கிறது.